வாத்தியார் வீட்டு நாயும் குரைக்கும்!

"வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு" என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்படியானால், நாய்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர் வீட்டு நாய் எப்படி இருக்கும்? சொன்னதைக் கேட்டு, வைத்ததைத் தின்று, மூலையில் சாதுவாகப் படுத்திருக்குமா?

அதுதான் இல்லை. அதுவும் குரைக்கும். அதுவும் பயந்து நடுங்கும். சில சமயம் கடிக்கவும் பாயும். இது ஊரார் கட்டிவிட்ட கதை அல்ல. அந்த வாத்தியார்களே புத்தகம் எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த முரட்டு நாய்களை அவர்கள் வழிக்குக் கொண்டுவந்த விதம்தான் நாம் கவனிக்க வேண்டியது. அவர்கள் தடியைத் தொடவில்லை. கொஞ்சம் கறித்துண்டும் நிறையப் பொறுமையும்தான் அவர்களுடைய ஆயுதம்.

கல்கத்தாவில் வசிக்கும் நம்மவர்களுக்கு இது வெறும் வேடிக்கைச் செய்தி அல்ல. இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிறவர் நாலு தெருநாய்களைத் தாண்டித்தான் சந்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. ஆசைக்கு ஒரு நாய் வளர்ப்பவருக்கோ வேறு கவலை. குடியிருப்பது வாடகை வீடு. ஒரே ஒரு அறை. நாய் குரைத்தால் கீழ் வீட்டுக்காரர் புகார் சொல்கிறார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். கடைசியில் நாய்க்குக் கிடைப்பது இரண்டில் ஒன்று: தினமும் அடி, அல்லது ஒருநாள் ராத்திரி எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது. இவை இரண்டும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது.

நிபுணர் வீட்டில் வந்த சோதனை

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்தவர் பட்ரீசியா மெக்கானல் அம்மையார். விலங்கியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். கடிக்கிற நாய், உறுமுகிற நாய் என்று ஊர் முழுவதும் இவரிடம்தான் யோசனை கேட்டு வந்தது. இவர் வீட்டுக்கே 'வில்' என்ற ஆண்குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. ஆட்டு மந்தை காக்கும் பார்டர் கோலி ஜாதி. குட்டியாக இருக்கும்போதே மற்ற நாய்களைக் கண்டால் சீறிப் பாயும். எதிர்பாராமல் ஒரு சத்தம் கேட்டால் போதும், வெலவெலத்துப் போகும். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவருக்குத் தம் வீட்டு நாயைச் சமாளிப்பதே பெரும்பாடாகிவிட்டது. நாய் திடுக்கிட்டு எழும்போதெல்லாம் அவருடைய சொந்த வாழ்க்கையின் பழைய ரணங்களும் கிளறப்பட்டன. நாயும் எஜமானியும் மெள்ள மெள்ளத் தேறிய கதையை அவர் 2017-ல் புத்தகமாக வெளியிட்டார்.

எம்மா பார்சன்ஸ் என்ற இன்னொரு பயிற்சியாளர் வளர்த்தது கோல்டன் ரெட்ரீவர். சாது என்று பெயரெடுத்த ஜாதி. ஆனால் அவருடைய 'பென்' மற்ற நாய்களைக் கண்டால் பாய்ந்தது. பமேலா டென்னிசன் என்பவரோ, மனிதர்கள் மீதே பாய்கிற 'ஷேடோ' என்ற நாயை ஏற்று வளர்த்து, அதைத் திருத்திய ஒவ்வொரு கட்டத்தையும் நாட்குறிப்பாக எழுதினார். சியாட்டில் நகரத்து கிரிஷா ஸ்டூவர்ட்டின் 'பீனட்' (வேர்க்கடலை என்று பொருள்) பயந்தாங்கொள்ளி. பயத்தினாலேயே பிறரைப் பார்த்துக் குரைக்கும். அதற்காக அவர் கண்டுபிடித்த பயிற்சி முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது. அவர் நடத்திய பயிற்சிப் பள்ளியின் பெயரைக் கேட்டால் நம்மவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அதன் பெயர் 'அகிம்சா'!

இந்த நால்வருக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. தங்கள் நாய் கெட்ட நாய் என்று அவர்கள் முடிவு கட்டிவிடவில்லை. அது எதற்காகக் குரைக்கிறது என்று பார்த்தார்கள். பெரும்பாலும் கிடைத்த விடை ஒன்றே: பயம்.

கறித்துண்டின் மகிமை

என்டாலி பக்கம் கோப்ராவில் இருக்கும் பாவ்லவ் மனநல மருத்துவமனையைக் கல்கத்தாவாசிகள் அறிவார்கள். அது யார் பெயரில் அமைந்தது என்று யோசித்தவர்கள் குறைவு. இவான் பாவ்லவ் ரஷ்ய நாட்டு விஞ்ஞானி. ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். உணவு தருவதற்கு முன் ஓர் ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால், பிறகு அந்த ஓசை கேட்டதுமே நாயின் வாயில் எச்சில் ஊறும் என்று காட்டியவர் அவர்தான். நாயின் மனதில் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட முடியும் என்பதே இதன் சாரம்.

பயந்து குரைக்கும் நாய்க்குத் தரும் சிகிச்சையும் இந்த முடிச்சை மாற்றுவதுதான். அந்நியர் என்றால் ஆபத்து என்பது நாயின் மனதில் விழுந்த பழைய முடிச்சு. அந்நியர் தூரத்தில் தெரிந்த உடனே, குரைக்கத் தொடங்கும் முன்பே, ஒரு சின்னக் கறித்துண்டு கொடுக்க வேண்டும். அவர் மறைந்ததும் கறியும் நின்றுவிட வேண்டும். நூறு தடவை இப்படி நடந்த பிறகு, அந்நியர் தெரிந்தால் நாய் எஜமானின் கையைத் திரும்பிப் பார்க்கும். அப்போது கொஞ்சம் கிட்டே வரலாம். முப்பது அடி இருபதாகும், இருபது பத்தாகும். அவசரப்பட்டு ஒரே நாளில் கிட்டே இழுத்துச் சென்றால் பட்ட பாடெல்லாம் வீண்.

கிரிஷா ஸ்டூவர்ட் இன்னொரு நுட்பமும் சொல்கிறார். பயந்த நாய்க்குக் கறியைவிடப் பெரிய பரிசு, அங்கிருந்து விலகிப்போகக் கிடைக்கும் அனுமதி. நாய் குரைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்தக் கணமே அதை விலகிப் போக விட வேண்டும். குரைத்துத்தான் தப்பிக்க வேண்டும் என்பதில்லை, சும்மா இருந்தாலும் தப்பிக்கலாம் என்று அது தெரிந்துகொள்ளும்.

பரிசு கொடுத்துப் பழக்கும் இந்த முறைக்கு அறிவியல் அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர். மிருகங்களைப் பழக்குவது பற்றி 1951-ல் அவர் எழுதிய கட்டுரையில், 'டிக்' என்று ஒலிக்கும் விளையாட்டுச் சாமான் ஒன்றைப் பயன்படுத்தச் சொன்னார். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்கும் தகரத் தவளையைப் போன்றதுதான். நாய் சரியாகச் செய்த அதே கணத்தில் ஓசை, உடனே தின்பண்டம். எந்தச் செயலுக்குக் கூலி என்று நாய்க்குச் சந்தேகமே வராது.

ஹவாய் தீவில் 1960-களில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் இதையே விசில் ஊதிச் செய்தார். டால்பினை அடிக்க முடியுமா? கயிறு கட்டி இழுக்க முடியுமா? கோபித்துக்கொண்டால் அது குளத்தின் மறுகோடிக்கு நீந்திப் போய்விடும். மீன் கொடுத்துத்தான் வேலை வாங்க வேண்டும். டால்பினுக்குப் பலித்தது நாய்க்கும் பலிக்கும் என்று அவர் 1984-ல் எழுதிய புத்தகத்தின் பெயரே 'நாயைச் சுடாதே' என்பதுதான்.

அடியாத மாடு படியாதா?

"அடியாத மாடு படியாது" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் இருந்தார்கள். ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-ல் எழுதிய கையேட்டில், சங்கிலியைச் சுண்டி இழுப்பதும் சாட்டையும் பயிற்சியின் அங்கங்களாகவே இருந்தன. நாய் என்பது ஓநாய் வம்சம், ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் மற்றவற்றை அடக்கி ஆள்வான், ஆகவே எஜமானும் நாயை அடக்கி ஆள வேண்டும் என்ற வாதம் பின்னால் சேர்ந்துகொண்டது. ஓநாய் ஆராய்ச்சியில் பேர்போன டேவிட் மெக், தாமே 1970-ல் எழுதிய புத்தகத்தில் இந்தத் 'தலைவன்' கருத்தைப் பரப்பியவர். காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாயும் தகப்பனும் குட்டிகளும் கொண்ட ஒரு குடும்பமே என்று 1999-ல் அவரே விளக்கி எழுதினார்.

அடித்தால் என்ன ஆகிறது? பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குப் பிரச்சினை நாய்களைக் கொண்டுவந்த 140 பேரிடம் விசாரித்து, 2009-ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 100-க்கு 43 பேர், அந்த நாய் பதிலுக்குச் சீறியது அல்லது பாய்ந்தது என்று சொன்னார்கள். நாயை முறைத்துப் பார்த்தவர்களில் 100-க்கு 30 பேருக்கும் அதே அனுபவம். அடி, நாயின் பயத்தைக் கூட்டுகிறது. பயம் கூடினால் பல் முன்னால் வருகிறது. சில நாய்கள் அடிக்குப் பயந்து உறுமுவதை நிறுத்திவிடும். அது இன்னும் ஆபத்து. உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை மணி. மணியைக் கழற்றிவிட்டால், அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும்.

விலங்கு நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021-ல் திட்டவட்டமாகவே அறிவித்துவிட்டது: நாய்ப் பயிற்சிக்கும், நாயின் நடத்தைக் கோளாறுகளுக்கும் பரிசு முறை ஒன்றே போதும், மின் அதிர்ச்சிப் பட்டையோ முள் பட்டையோ தேவையே இல்லை.

போலீஸ் நாய்க்கும் பந்துதான் சம்பளம்

"வீட்டு நாய்க்குச் சரி, போலீஸ் நாய்க்குக் கண்டிப்பு வேண்டாமா?" என்று கேட்கலாம். ரயில்வே ஸ்டேஷன்களில் பயணிகளின் மூட்டை முடிச்சுகளை முகர்ந்துகொண்டே போகும் மோப்ப நாயை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதன் வால் ஆடிக்கொண்டே இருக்கும். வெடிமருந்து என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. அந்த வாசனையைக் கண்டுபிடித்தால் பராமரிப்பவர் பையிலிருந்து பந்து வெளியே வரும் என்பதுதான் தெரியும். குட்டிப் பருவத்தில் பந்தையோ துணிச்சுருளையோ ஒளித்து வைத்துத் தேட விடுவார்கள். பிறகு அதனுடன் வாசனையைச் சேர்ப்பார்கள். நாளடைவில் வாசனையைத் தேடுவதே அதற்கு விளையாட்டாகிவிடும். குவாலியர் அருகே டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை 1970-ல் தொடங்கிய தேசிய நாய்ப் பயிற்சி மையம், பல மாநிலப் போலீஸ் படைகளுக்கு நாய்களையும் அவற்றைப் பராமரிப்பவர்களையும் பயிற்றுவித்து அனுப்புகிறது. உயிர் காக்கும் அந்த வேலையைப் பயந்து நடுங்கும் நாயைக் கொண்டு செய்ய முடியாது.

நம் தெரு நாய்கள் சொன்ன சாட்சி

அயல்நாட்டுக் கதை போதும். கல்கத்தாவுக்கு வடக்கே, நதியா ஜில்லாவில் மோகன்பூரில் இருக்கிறது இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம். அங்கே பேராசிரியை அனிந்திதா பத்ரா தலைமையில் ஒரு குழு பல வருஷங்களாகத் தெருநாய்களை ஆராய்ந்து வருகிறது. கூண்டில் அடைத்து வைத்து அல்ல. தெருவிலேயே, அதனதன் இடத்திலேயே.

இக்குழு 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சி எளிமையானது. முன்பின் அறியாத ஒருவர் தெருநாயின் நம்பிக்கையைப் பெற வேண்டும். சாப்பாடு போட்டால் பெற முடியுமா, அன்பாகத் தலையைத் தடவினால் பெற முடியுமா? சாப்பாடுதான் என்றே யாரும் சொல்வார்கள். கண்ட விடை வேறு. திரும்பத் திரும்பச் சந்தித்தபோது, உணவைவிடத் தடவலே நாய்களின் நம்பிக்கையை அதிகம் சம்பாதித்தது. பட்டினியோடு திரியும் பிராணிக்கும் சோற்றைவிட ஆதரவு பெரிதாகத் தெரிந்தது என்றால், அதற்கு அன்றாடம் எது கிடைக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்து 2020-ல் வெளியானது இன்னொரு சோதனை. ஒன்றில் கறி இருந்தது, மற்றது காலி; இரண்டு மூடிய கிண்ணங்களை வைத்து, ஒன்றை நோக்கி ஆராய்ச்சியாளர் விரலை நீட்டினார். இந்திய நகரங்களில் தனியாகத் திரிந்த 160 நாய்களிடம் இப்படிச் செய்தார்கள். ஏறக்குறையப் பாதி நாய்கள் கிட்டேயே வரவில்லை. வந்த நாய்களில் 100-க்கு 80, விரல் காட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் அவற்றுக்குப் பயிற்சி தந்ததில்லை. மனிதனின் கைஜாடையைக் கவனித்து நடக்கும் புத்தி அவற்றிடம் ஏற்கெனவே இருக்கிறது. வராமல் ஒதுங்கி நின்ற பாதியோ மிரண்ட நாய்கள். மனிதக் கை என்றால் கல் என்று கற்றுக்கொண்டவையும் அவற்றில் இருந்திருக்கலாம்.

பதினாறு குட்டிகள்

மனிதக் கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் இந்த நகரம் சாட்சி. சியால்தா அருகே என்.ஆர்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் 2019 ஜனவரியில் 16 நாய்க்குட்டிகள் அடித்துக் கொல்லப்பட்டன. இரண்டு நர்ஸிங் மாணவிகள் கைது செய்யப்பட்டார்கள். ஊரே கொதித்தது. நாய்த் தொல்லை என்பது பொய்யில்லை. ஆஸ்பத்திரியிலும் ஹாஸ்டலிலும் இருப்பவர்களுக்கு அது நிஜமான கஷ்டமே. ஆனால் குட்டிகளை அடித்துக் கொன்றதால் தொல்லை தீர்ந்ததாக யாரும் சொல்லவில்லை.

மிருகங்களை அடிக்கக் கூடாது என்று இந்தியாவில் முதலில் சங்கம் கூட்டிய ஊரும் கல்கத்தாவே. கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்ற ஓவியர் 1861-ல் தொடங்கிய பிராணிவதைத் தடுப்புச் சங்கம் பௌபஜாரில் இன்றும் உண்டு. டல்ஹவுசி சதுக்கத்தில் ரைட்டர்ஸ் கட்டிடத்தின் அருகே அவர் நினைவாக ஒரு ஸ்தூபி நிற்கிறது. ஆபீசுக்குப் போகும் அவசரத்தில் தினமும் அதைக் கடந்து போகிற குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர்!

நாடு முழுவதற்கும் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. மதுரையில் பிறந்து, கலாக்ஷேத்திரத்தைக் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்ய சபையில் தனி அங்கத்தினராக அவர் மசோதா கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கொடுத்த பின்பே அதைத் திரும்பப் பெற்றார். பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. இரண்டு வருஷம் கழித்து அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பிராணியை அடிப்பதும் உதைப்பதும் மட்டும் இச்சட்டப்படி குற்றமல்ல. மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் குற்றந்தான். மாடிப்படி அடியில் நாள் முழுவதும் நாயைக் கட்டிப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டில் செய்யக்கூடியவை

வருகிறவர் மீது தாவும் நாய்: தாவும்போது திட்டினாலும் தள்ளினாலும் அதற்கு அது விளையாட்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். நாலு காலும் தரையில் பட்ட உடனே பிஸ்கட் துண்டு. வீட்டில் உள்ள எல்லோரும் இப்படியே செய்ய வேண்டும். ஒருவர் கொஞ்சி, ஒருவர் அடித்தால் நாய் குழம்பிப்போகும்.

கதவு தட்டினால் குரைக்கும் நாய்: வீட்டில் ஒருவரே வெளியே நின்று மெதுவாகத் தட்டட்டும். குரைக்கும் முன் தின்பண்டம். தட்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலப்படுத்தலாம்.

காளி பூஜை வெடி: நம் தீபாவளியும் இங்கே அதோடு சேர்ந்தே வருவதால், வெடிக்கு அஞ்சும் நாய்களுக்கு அது நரகம். ஒரு மாதம் முன்பே வெடிச்சத்தத்தைப் போனில் மிகத் தாழ்வாக வைத்து, கூடவே பிடித்த தின்பண்டம் கொடுத்து, மெள்ள மெள்ளச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். அன்று இரவு ஜன்னலைச் சாத்தி, பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். தேற்றினால் பயம் வளர்ந்துவிடும் என்பது தவறான எண்ணம்.

செலவு? டீக்கடை லேரோ பிஸ்கட் ஒன்றை உடைத்தால் பத்துத் துணுக்கு தேறும். பயம் மிகுந்த நாய்க்கு மட்டும் கோழிக்கறி வேண்டும். உப்பு, காரம் போடாமல் வேகவைத்து, கடுகத்தனையாக நறுக்கினால் கால் கிலோ பல நாளைக்கு வரும்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். சாதுவான நாய் திடீரென்று கடிக்க வந்தால், அதற்கு எங்கோ வலி இருக்கலாம். வேறு நோயும் இருக்கலாம். முதலில் பெல்காச்சியா கால்நடை மருத்துவமனை போன்ற இடத்தில் காட்ட வேண்டும். கடிக்கும் பழக்கமுள்ள நாயிடம் குழந்தைகளைத் தனியே விடவே கூடாது. முகம் தெரியாத தெருநாயைத் தடவிப் பார்க்கும் பரீட்சை ஆராய்ச்சியாளர்களோடு இருக்கட்டும். அதைக் கண்டால் ஓடாமல், முறைக்காமல், கல்லெடுக்காமல் பக்கவாட்டில் விலகி நடந்தால் போதும்.

எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு, டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிகளில் மீதி ஊசிகளையும் தவறாமல் போட வேண்டும். வெறிநோய் கண்ட பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். மெக்கானல் அம்மையாரின் 'வில்' திருந்துவதற்கும் வருஷக்கணக்கில் ஆயிற்று. சத்தம் கேட்டுத் திடுக்கிடும் சுபாவம் எல்லா நாய்க்கும் முழுவதுமாகப் போய்விடாது. கைதேர்ந்த நிபுணருக்கே அத்தனை காலம் தேவைப்பட்டது என்றால், ஆபீசும் ஓவர்டைமும் முடிந்து களைத்து வரும் நாம் பத்து நாளில் பலன் தெரியவில்லை என்று தடியை எடுப்பது எந்த விதத்தில் நியாயம்? தினம் காலையில் பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்கிப் பார்க்கலாம். சட்டைப் பையில் உடைத்த பிஸ்கட் கொஞ்சம் இருந்தால் போதும்.